சரிங்க ஐயா

செவ்வாய்க்கிழமை, இரவு

என் தீயணைப்பு நிலைய வீரன் ஜெகனின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவன் மனைவியிடம் நான்தான் சொன்னேன். அவள் அழவில்லை. "இனி டூட்டிக்குச் சேத்துக்குவாகளா?" என்று மட்டும் கேட்டாள்.

காலையில் பைபாஸ் பக்கம் பஞ்சு குடோனில் தீ. வெளிநெருப்பு அடங்கியும் உள்ளே பேல் பேலாகக் கட்டி அடுக்கிய பஞ்சு புகைந்துகொண்டிருந்தது. சுவரை ஒட்டி நின்று ஜன்னல் வழியாகத் தண்ணீர் அடிக்கச் சொன்னேன். ஜெகன் நின்றான். கொஞ்ச நேரத்தில் சுவர் அவன் மேல் சரிந்தது.

எங்கள் வண்டி டிரைவர் பாண்டி ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துத்தான் வாயைத் திறந்தான்.

"தண்ணி குடிச்சு பேலெல்லாம் உப்பி, சுவர வெளிய தள்ளுச்சுங்கய்யா. வண்டியில இருந்தே பார்த்தேன்."

"கையில வாக்கிடாக்கி இருந்துச்சுல்ல? ஏன்யா சொல்லல?"

"நீங்கதான் அங்கன நிக்கச் சொல்லிட்டீகளே. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?"

தினமும் ரோல்காலில், எதுவானாலும் தயங்காமல் என்னிடம் சொல்லுங்கள் என்கிறேன். எல்லாரும் "சரிங்க ஐயா" என்கிறார்கள். அதை நம்பியிருக்கிறேன், மடையன்.

சாயங்காலம் மேலதிகாரி போன் செய்தார். "சுவர் திடீர்னு விழுந்திருச்சு. யாரும் முன்கூட்டிப் பார்க்கல. ரிப்போர்ட்ல அப்படியே எழுதிருங்க."

பாண்டி பார்த்திருக்கிறான் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"சரிங்க ஐயா" என்றேன்.