அப்பா வைத்த மன்றாட்டு

சாந்தோம்,
சென்னை.

அன்பு மகள் டெல்பினுக்கு,

அப்பா எழுதுகிறேன். மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு கூத்தைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு பூசையில் பைபிளிலிருந்து முதல் வாசகம் வாசிக்கும் முறை எனக்கு. கிளம்பின அவசரத்தில் அம்மாவின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய்விட்டேன். நீ வாங்கி அனுப்பினாயே, ஓரத்தில் கல் பதித்தது, அதுதான். எழுத்து நன்றாகவே தெரிந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஏற்ற இறக்கத்தோடு வாசித்துவிட்டுத் தலை நிமிர்ந்தால், பாடகர் குழுப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள். வெளியே வந்ததும் பிலிப் அங்கிள், "இன்னா டெரிக்கு, கம்மல் மட்டும்தான் பாக்கி" என்றார். அதற்கே என் காது சிவந்துவிட்டது. இப்போது எழுதப்போகும் விஷயத்துக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமே இல்லை, மகளே.

போனில் சொல்லலாம்தான். ஆனால் போனைக் கையில் எடுத்தாலே நான் கோமாளி வேஷம் கட்டிவிடுகிறேன். அதனால் கடிதம். பத்தாம் வகுப்புத் தமிழ், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

கொஞ்ச நாளைக்கு முன் பேப்பரில் ஒரு சின்னச் செய்தி வந்தது. அமெரிக்காவில் நீ இருக்கும் மாநிலத்தில் புதுச் சட்டம் போட்டிருக்கிறார்கள், இனி அரசுப் பள்ளிக்கூடங்கள் வேறு எந்த நாட்டு அரசாங்கத்திடமும் பணம் வாங்கக்கூடாது என்று. உன் மாநிலத்தின் பெயரை அச்சில் பார்த்ததும், நம் வீட்டுக் கல்யாணத்தைப் பேப்பரில் போட்ட மாதிரி எனக்குத் தலைகால் புரியவில்லை. தி.நகர் கடையில் புடவைக்குப் பில் போடுவதை விட்டுவிட்டு, வருகிறவர்கள் போகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் கொடுத்தேன். காசு கொடுக்கிறவன் பாடத்திலும் கை வைப்பான், என் மகள் வாத்தியாராக இருக்கும் ஊரில் அதற்கெல்லாம் இடமில்லை என்றேன். ஜவஹர் முதலாளி பொறுத்துப் பார்த்துவிட்டு, அமெரிக்காவை அப்புறம் பார்க்கலாம், அந்த அம்மா பில்லுக்காக நிற்கிறார்கள் என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். அந்த வாரம் நம் தெரு அன்பியத்தின் செபக் கூட்டம் நம் வீட்டில். தெருக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். செபமாலை முடிந்து ஆளுக்கொரு மன்றாட்டு வைக்கும்போது நான் எழுந்து நின்றேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எங்கள் டெல்பின் வேலை செய்யும் பள்ளிக்கூடத்தை அந்நியப் பணத்திலிருந்து காப்பாற்றும் நல்ல சட்டம் எந்தத் தடையும் இல்லாமல் நடைமுறைக்கு வர வேண்டும் என்று ஆண்டவரை மன்றாடினேன். எல்லாரும் ஒரே குரலில், எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்றார்கள். அம்மா மட்டும் சொல்லவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். டீக்குப் பால் பொங்குகிறது என்று நான் நினைத்தேன்.

டீ குடிக்கும்போது பிலிப் அங்கிள் விடவில்லை. "நைனா, நம்மளே இஸ்கூல்ல அமெரிக்காக்காரன் அனுப்புன பால்பவுடர் குட்ச்சி வளந்தவங்க. அப்போ எவன் இன்னா சட்டம் போட்டான்?" என்றார். அதனால்தான் நம் இரண்டு பேருக்கும் படிப்பு ஏறவில்லை என்று நான் சொன்னேன். வீடே சிரித்தது. நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

எல்லாரும் போன பிறகு அம்மா டம்ளர் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "அந்தச் சட்டத்தாலதாங்க நம்ம பொண்ணுக்கு வேலை போச்சு."

எனக்கு முதலில் விளங்கவேயில்லை. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். உன் பிரெஞ்சு வகுப்புக்குப் பாதிச் செலவைப் பிரெஞ்சு அரசாங்கம் கொடுத்து வந்ததாம். சட்டம் வந்ததும் பள்ளிக்கூடம் அந்த வகுப்பையே மூடுகிறதாம். இந்தப் படிப்பு வருஷம் முடிந்தால் வேலையும் இல்லை, விசாவும் இல்லை. உனக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறேனா? அமெரிக்க அரசாங்க உத்தியோகம் என்று நானே பெயர் வைத்து, நானே ஊரெல்லாம் கொண்டாடினேன்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். நீ அம்மாவிடம் சொன்னதாக அவள் சொன்ன இன்னொன்றுதான் தாங்கவில்லை. "அப்பாகிட்ட சொல்லாதம்மா. ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்காரு. நான் எந்த மூஞ்சியோட திரும்பி வர்றது?" என்றாயாமே. விசா போனாலும் பரவாயில்லை, உன் சிநேகிதி சோஃபியா வீட்டில் ஒண்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிடுகிறேன் என்றாயாமே. அப்படி ஒளிந்து வாழவா உன்னைப் படிக்க வைத்தோம் என்று கேட்க வாய் வரை வந்தது. ஒளிய வைத்தது யார் என்று யோசித்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த கூட்டம் பிலிப் அங்கிள் வீட்டில். எல்லார் முன்னாலும் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணித்தான் போனேன். என் முறை வந்தது. எழுந்து நின்றேன். எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள், இந்த முறை என்ன பெருமை வரப்போகிறதோ என்று. நான் பிலிப் அங்கிளின் மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று மன்றாடிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் கண்கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

விசா, சட்டம் இதெல்லாம் எனக்குத் தெரியாது. புத்தி சொல்ல எனக்கு யோக்கியதையும் இல்லை. உன் அறையில் இஸ்திரி மேசை போட்டிருந்தேன், எடுத்துவிட்டேன். ஃபேன் கறகற என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது, அதையும் ஆள் வைத்துச் சரி பண்ணிவிட்டேன். சும்மாதான்.

மாதா உன் கூடவே இருப்பாளாக. அன்று பிலிப் அங்கிள் வீட்டில் எழுந்து நின்று நான் சொல்லாமல் விழுங்கியது இதுதான்:

ஆண்டவரே, என் வீட்டில் வைத்து நான் கேட்ட மன்றாட்டைக் கேளாதேயும். ஊர் என்று சொல்லி என் மகள் பயப்படுவது என்னைப் பார்த்துத்தான். என்னைப் பார்க்கக் கூச்சப்படாமல் அவள் வீடு வந்து சேர உதவும்.

உன் அப்பா,
டெரிக்