பேருந்துக்கு ஒரு குரல்

துர்க்கு,
பின்லாந்து,
மார்ச் கடைசி ஞாயிறு.

அன்புள்ள லேலோவுக்கு,

தெல்லெர்வோ எழுதுகிறேன். நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். கோபம் உன் உடம்புக்கு நன்றாகவே ஒத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தை உன் கணினிக் குரல் வானிலை அறிக்கை மாதிரி படித்துக் காட்டும். நான் கத்த வேண்டிய இடங்களில் நீயே கத்திக்கொள். என் எஸ்தோனிய மொழியைக் கேட்டு நீ சிரிக்கலாம், தப்பில்லை.

இங்கே பனி உருகத் தொடங்கிவிட்டது. குளிர்காலம் முழுக்க வழுக்காமலிருக்க நடைபாதையில் கொட்டிய சரளைக்கல் என் சக்கர நாற்காலியில் மாட்டிக்கொண்டு கறகறக்கிறது. அதைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. சோதனைக்கு விட்ட மின்பேருந்தில் தினமும் போய்வருகிறேன். முன்பெல்லாம் இரண்டு பேர் என்னை மூட்டை மாதிரி தூக்கி ஏற்றுவார்கள். இப்போது கதவு திறக்கிறது, பலகை இறங்குகிறது, ராணி மாதிரி ஏறிவிடுகிறேன். புகையில்லை, சத்தமில்லை.

அந்தச் சத்தமில்லாததுதான் உன்னைக் கவிழ்த்துவிட்டது. பிப்ரவரியில் நீ சோதனைக்கு வந்தபோது, எங்கள் ஊரில் கையைத் தூக்கினால்தான் பேருந்து நிற்கும் என்று நம் பேருந்துக் குழுவில் ஒருவருக்கும் உன்னிடம் சொல்லத் தோன்றவில்லை. எங்களுக்கு அது மூச்சு விடுவது மாதிரி; யாராவது மூச்சு விடச் சொல்லித் தருவார்களா? பனியில் பேருந்துகள் பூனை மாதிரி வந்து, பார்வையில்லாத உன் காதுக்கும் எட்டாமல் கடந்து போயிருக்கின்றன. பக்கத்தில் இரண்டு பேர் நின்றார்களாம். அடுத்தவரைத் தொந்தரவு செய்யாமலிருப்பதுதான் மரியாதை என்று வளர்ந்த எங்கள் ஜனங்கள் வாயே திறக்கவில்லை. நான் உனக்காகச் சந்தைத் திடலில் சால்மன் மீன் சூப்பை ஆறவிட்டுக் காத்திருந்தேன். நீ வாடகை வண்டி பிடித்து, நேரே ஹெல்சிங்கி போய்க் கப்பலேறிவிட்டாய். வீட்டுக்குப் போனதும் குழுவிலிருந்து விலகிக்கொண்டாய்.

போன வாரக் கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் துர்க்கு, உங்கள் தார்த்து, லாத்வியாவின் ரீகா மூன்று ஊர்களும் ஒரே மாதிரி பேருந்தைச் சேர்ந்து வாங்கினால்தான் தயாரிப்பவர்கள் நம் பேச்சைக் கேட்பார்கள். தனித்தனியாகப் போனால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள். அதனால் நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். தாழ்ந்த தளம், சரி. சரிவுப் பலகை, சரி. நிறுத்தத்துக்கு வரும்போது பேருந்தே தன் எண்ணையும் போகுமிடத்தையும் வெளியே சத்தமாகச் சொல்ல வேண்டும் என்ற உன் நிபந்தனை வந்ததும் எங்கள் ஊர்ப் பொறியாளர் ரைமோ முடியாதென்று தலையாட்டினார். "சத்தம் வேணாம்னுதானே இவ்வளவு பாடுபட்டோம்? ஜன்னலுக்குக் கீழ நாள்பூரா கத்திக்கிட்டே போனா ஜனங்க சும்மா விடுவாங்களா?" என்றார். நான் சண்டைக்குப் போனேன். அவர் அமைதியாக, "கேட்டவங்களே போயிட்டாங்களேம்மா. இப்ப இது யாருக்கு வேணும்?" என்றார். லேலோ, என் காலுக்காக எத்தனை வருஷம் வேண்டுமானாலும் வாதாடுவேன். உன் கண்ணுக்காக நான் பேசினால் அது கேள்விப்பட்ட கதையாகத்தான் இருக்கிறது.

கூட்டம் முடிந்து நிறுத்தத்திலும் அவரை விடவில்லை. அவர் சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எனக்குக் காற்றழுத்தம், ஒலியளவு என்று பாடம் நடத்தினார். அவருடைய பேருந்து வருவது எனக்குத் தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. நாற்காலியை மெல்லக் கடைப் பக்கம் திருப்பி ரொட்டியை வேடிக்கை பார்த்தேன். பேருந்து வந்தது, போனது. காற்று பட்டுத் திரும்பியவர் கையை ஆட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடினார். ஆலங்கட்டியும் மழையுமாகக் கொட்டியது. "பார்த்துட்டு சொல்லக் கூடாதா நீங்க?" என்று கத்தினார். "பஸ்ஸு சொல்லும்னு நெனச்சேன்" என்றேன்.

அடுத்த பேருந்துக்காகக் கடையோரம் ஒதுங்கினோம். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "சத்தத்தைக் குறைச்சு, நிறுத்தத்துல மட்டும் பேச வைக்கலாம். முடியாதுன்னு இல்ல" என்றார். கூடவே, "ஆனா அந்தம்மா வந்து சொல்லட்டும். ரீகாக்காரங்களும் இது வேணாம்னுதான் நிக்கிறாங்க, என் பேச்சைக் கேட்டு மாற மாட்டாங்க" என்றும் சொன்னார். அவர் சொல்வது சரிதான். ஏப்ரல் மூன்றாவது புதன்கிழமை இங்கே கடைசிக் கூட்டம். அதற்குப் பிறகு நிபந்தனைகளில் ஒரு எழுத்தையும் மாற்ற முடியாது. உன் விலகலை அவர்கள் இன்னும் பதிவு செய்யவில்லை. செய்யவிடாமல் நான்தான் வம்பு செய்துகொண்டிருக்கிறேன்.

எங்கள் ஊர் உனக்குச் செய்தது அவமானம். அதற்கு நான் சமாதானம் சொல்லப்போவதில்லை. நீ வந்து அத்தனை பேர் முன்னாலும் எங்களைத் திட்டு, தாராளமாகத் திட்டு, பக்கத்தில் உட்கார்ந்து நான் மொழிபெயர்க்கிறேன். மென்மையாக்காமல் மொழிபெயர்ப்பேன் என்று வாக்குத் தருகிறேன்.

நீ வராவிட்டாலும் இந்தப் பேருந்துகள் ஓடத்தான் போகின்றன. நம் மூன்று ஊர்களிலும், நமக்கு வயதாகி முடியும்வரை ஓடும். அத்தனையிலும் எனக்கு இடம் உண்டு, ஜன்னலோரமாகப் போவேன். ஒவ்வொரு நிறுத்தத்தைத் தாண்டும்போதும் அங்கே நிற்பது நீதானோ என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். உன்னை விட்டுவிட்டுப் போகிற வண்டியில் என்னை ஏற்றி உட்காரவைக்காதே, லேலோ. வந்துவிடு.

என்றும் உன்,
தெல்லெர்வோ