பொட்டு வைத்த துப்பாக்கி

ஐயம்பேட்டை,
11-10-1965

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மனைவி ரேணுகாம்பாள் வணங்கி எழுதுவது. நானும் குழந்தை அம்சாவும் சுகம். நாற்று விட்டாயிற்று. சண்டை நின்றுவிட்டது என்று ரேடியோவில் சொல்லிப் பதினெட்டு நாளாகிறது. உங்களிடமிருந்து கடிதம் இல்லை. தபால்காரர் என்னைப் பார்த்ததும் தெருமுனையிலேயே கையை விரித்துவிடுகிறார்.

நீங்கள் கோபப்படுவீர்கள் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். உங்கள் அப்பாவின் பட்டாளத்துத் துப்பாக்கியைக் காஞ்சிபுரம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டேன்.

ஆயுத பூஜையன்று வழக்கம்போல ஏர், மண்வெட்டியோடு அதையும் வைத்துச் சந்தனப் பொட்டு வைத்தேன். தெருவில் போன ஏட்டு உமாபதியை நானே கூப்பிட்டுப் பொரிகடலை கொடுத்தேன். என் புத்தியை என்னவென்று சொல்ல! அவர் பொரியை மென்றுகொண்டே, இன்னாம்மா இது, த்ரீ நாட் த்ரீ ஆச்சே, இத வூட்ல வச்சிக்கினு இருக்கக் கூடாதே என்றார். துப்பாக்கியை மாமனாருக்கே கொடுத்ததாக வெள்ளைக்கார துரை எழுதிய கடுதாசி அவர் பெட்டியில் இருந்ததே, அதைக் காட்டினேன். அது செல்லாதாம். ராணுவ ரகத் துப்பாக்கிக்கு நம்மைப் போன்றவர்களுக்கு லைசென்ஸே கிடையாதாம். மாமனார் போய்விட்டதால் கேஸ் வந்தால் உங்கள் பேரில்தான் வருமாம். நல்ல நாளாச்சேன்னு வுட்டுட்டுப் போறேன், நாளைக்கே நீங்களா கொண்டாந்து குட்த்துடுங்க என்று சொல்லிப் போனார்.

உங்கள் தம்பி அப்பாதுரை, கெணத்துல போட்டுடலாம் அண்ணி, அண்ணன் வந்து எடுத்துக்கும் என்று குதித்தார். அப்பா தொட்டுத் துடைத்த பொருளாயிற்றே என்று அழவும் செய்தார். எனக்கு மட்டும் வருத்தமில்லையா? பதினான்கு வருஷ சர்வீஸ் உங்களுடையது. அதைக் கிணற்றில் போட நான் தயாராயில்லை. பழைய புடவையில் சுற்றிக்கொண்டு நானே பஸ் ஏறினேன். பக்கத்தில் இருந்தவள் உலக்கையா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஸ்டேஷனில் ஒரு போலீஸ்காரர் துணியை எடுத்துப் பொட்டைத் துடைக்கப் போனார். என் கண் முன்னால் யாரும் பொட்டை அழிக்கக் கூடாது என்று கத்திவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஏன் கத்தினேன் என்று உங்களுக்குத் தெரியும். ரசீதுக்கு நாளைக்கு வாம்மா என்றார்கள். வாங்காமல் நகர மாட்டேன் என்று பெஞ்சில் உட்கார்ந்து, சாயங்காலம் முத்திரையோடு வாங்கிக்கொண்டுதான் எழுந்தேன். உங்கள் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.

அப்பாவின் துப்பாக்கியை என்னைக் கேட்காமல் எப்படிக் கொடுத்தாய் என்று நீங்கள் திட்ட வேண்டும். நேரில் வந்து திட்டுங்கள். லீவு கிடைக்காவிட்டால் திட்டியாவது ஒரு கார்டு போடுங்கள் மாமா. காமாட்சியம்மன் துணையிருப்பாள்.

உங்கள் கையெழுத்துக்குக் காத்திருக்கும்
ரேணுகாம்பாள்