அசையாமல் இருந்தால் கத்தும்

மார்ச் 4
என் நாய்க்குட்டி, மகனே, இன்று தீயணைப்பு நிலையத்தில் கிம்ச்சிக் குழம்பு. உன் நாற்காலியை விட்டுவிட்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். நான் அதில் முட்டைக்கோஸ் மூட்டையை வைத்தேன். இடம் வீணாகக் கூடாது.

தீயணைக்கப் போகிறவர்களுக்கு ஆளுக்கொரு புது வில்லை வந்திருக்கிறது. சட்டையில் மாட்ட வேண்டும். தீக்குள் போனவன் அசையாமல் கிடந்தால் வெளியே நிற்கும் ப்யோ தலைவரின் செல்போன் கத்துமாம்.
"பேரோட காட்டும் சித்தி" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நிலையத்தில் எல்லோருக்கும் நான் சித்தி.
சமையல்காரிக்கு ஏன் சொல்கிறார்? உன்னைப் பெற்றவள் என்றுதான்.

மார்ச் 5
உன் இடுப்பில் இருந்த பழைய பெட்டியும் கத்தத்தான் செய்தது. அதற்குப் பெயர் சொல்லத் தெரியாது. எவன் சும்மா நின்றாலும் கத்தும் என்று எல்லோரும் இடுப்பை ஆட்டிக்கொண்டே இருப்பீர்கள். சோறு தின்னும்போதும் ஆட்டுவாய். துறைமுகக் கிடங்குத் தீயில் நீ கிடந்து, அது கத்தியபோது, "எவனோ ஆட்ட மறந்துட்டான்" என்று நினைத்தார்களாம்; யாரும் தேடி வரவில்லை.

யாரைத் திட்ட? எல்லோரும் என் கையால் சாப்பிடுகிறவர்கள்.

மார்ச் 9
அசையாமல் உட்கார்ந்து சாப்பிடும்போது தலைவர் போன் மூன்று முறை அலறியது. பையன்களில் ஒருவன், மேங், தன் வில்லையைக் கழற்றி என் பழைய ஃப்ரிட்ஜ் மேல் வைத்தான். அது எப்போதும் நடுங்கிக்கொண்டிருக்கும். அவன் நடமாடுவதாக வில்லைக்கு நினைப்பு.
"பாருங்க அண்ணே, ஓடிக்கிட்டே சாப்பிடுறேன்!"
எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.
"எடுத்து மாட்டுடா."
"மணி அடிச்சா எடுத்துக்கறேன் சித்தி."

மார்ச் 12
மணி அடித்தது. மெத்தைக் கடையில் தீ. பாதிச் சோற்றில் ஓடினார்கள். மேசை துடைக்கும்போது பார்க்கிறேன் — ஃப்ரிட்ஜ் மேல் மேங்கின் வில்லை. பச்சையாக மினுங்குகிறது. ஆள் புகைக்குள்ளே. அங்கே விழுந்தாலும் தலைவர் போனில் நடந்துகொண்டேதான் இருப்பான்.

தலைவருக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி. தீயிடத்தில் எடுக்க மாட்டார், தெரியும். என்ன பண்ண, கடவுளே, என்ன பண்ண — ப்ளக்கைப் பிடுங்கினேன்.

ஃப்ரிட்ஜ் நின்றது. கொஞ்ச நேரத்தில் வில்லை சிவந்தது.

மார்ச் 13
மேங் பெயர் சிவந்ததும் நான்கு பேர் "மேங்! மேங்!" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினார்களாம். அவன் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நன்றாக நின்றிருக்கிறான். "என்ன அண்ணே?" என்றானாம். அப்படியே இழுத்து வந்துவிட்டார்கள்.

தலைவர் நேராகச் சமையலறைக்கு வந்தார்.
"இன்னொரு தடவை ப்ளக்கைப் பிடுங்காதீங்க சித்தி. என் நெஞ்சே நின்னுபோச்சு."
"இன்னொரு தடவை என் ஃப்ரிட்ஜ் மேல வைக்காதீங்க."
கானாங்கெளுத்தி மீன் எல்லாம் கெட்டுவிட்டது. மேங்கை விட்டே கொட்டச் சொன்னேன்.

மார்ச் 14
ஃப்ரிட்ஜை மாற்றிவிட்டார்கள். புதியது சத்தமே போடவில்லை. பிடிக்கவில்லை.

மார்ச் 20
இப்போது யாரும் கழற்றுவதில்லை. சாப்பிட்டு முடிப்பதற்குள் போன் பலமுறை அலறுகிறது. அலறினால் எல்லோரும் சாப்பிடும் குச்சியைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பெயரைக் கூப்பிட வேண்டும், அவன் பதில் சொல்ல வேண்டும். தலைவர் போட்ட சட்டம். குழம்பு ஆறிப்போகிறது. திட்டிக்கொண்டே சூடு பண்ணுகிறேன்.

இன்று மேங் பெயர் வந்தது. வேண்டுமென்றே பதில் சொல்லாமல் மென்றுகொண்டிருந்தான். யாரும் சிரிக்கவில்லை. நானே கத்திவிட்டேன், "டேய் மேங்!"
"இருக்கேன் சித்தி" என்றான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு.

அந்தக் கிடங்கில் கிடந்தபோது, நாய்க்குட்டி, யாராவது கூப்பிடுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாயா?