நான் கற்றுக்கொடுத்த திருட்டு

2.6.2003, திங்கள்

காலையிலேயே அனல். இழை அறுந்துகொண்டே இருந்தது. இழை காயாமலிருக்க தறிக்குக் கீழே ஈரச் சாக்கு.

சீரியல்காரர்கள் மறுபடியும் நம் வீட்டில். போன தடவை தோழி வேஷக்காரிக்குக் காய்ச்சல். தறியில் எப்படி உட்காருவது என்று கதாநாயகிக்குக் காட்டிக்கொண்டிருந்த என் மகள் வாணியைப் பார்த்து டைரக்டர், "இந்தப் பொண்ணே பேசட்டும்" என்றார். கொடுத்தது இரண்டு வரி. அவள் பேசியது ஆறு வரி. என் ரத்தம். செல்வி என்கிற அந்தத் தோழி இப்போது வாரத்தில் மூன்று நாள் வருகிறாள். ஜனங்களுக்குப் பிடித்துவிட்டதாம்.

டீ குடிக்கும்போது வசனம் எழுதுகிறவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சின்ன நோட்டு. "உங்க தொழில்ல திருட்டுன்னா எப்படி நடக்கும் சார்?"

எட்டாவது ஃபெயிலை சார் என்றால் கொம்பு முளைக்காதா. முளைத்தது. முதலாளி பட்டு நூலை எடை போட்டுக் கொடுப்பார், சேலையை எடை போட்டு வாங்குவார், கெட்டவன் நடுவில் கொஞ்சம் நூலை ஒதுக்கிவிட்டு சேலைமேல் தண்ணீர் தெளித்து எடையைச் சரிக்கட்டுவான். விரலை உதறி உதறி நடித்தே காட்டினேன். "என் பேரும் போடுவீங்களா?" என்று வேறு கேட்டேன்.

வாங்க வேண்டியது: என் மனைவி சரோஜாவுக்கு மூட்டு மாத்திரை, டியூப்லைட் ஸ்டார்ட்டர், அரைக் கிலோ ரவை.

11.6, புதன்

வாணி சென்னை ஷூட்டிங் முடிந்து வந்தாள். சோறு பாதியில். சரோஜா விடாமல் கேட்டதில் வெளியே வந்தது. செல்வி பட்டு திருடுகிறாள். நேற்றே எடுத்துவிட்டார்களாம்.

"நல்ல பொண்ணுதானேடி அவ?"

"கதாநாயகிய யாராச்சும் ஏமாத்தணுமாம். பக்கத்துல இருக்கறது செல்விதானாம்."

"முடியாதுன்னு சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னேன். இனி செல்வியாக இவர்னு போட்டு வேற பொண்ண வச்சிக்கறோம்னாங்க."

"எவன் எழுதிக் குடுத்தான் இத?" என்றேன் நான்.

வாணி கையை நீட்டி விரலை உதறினாள். "ரைட்டர் இப்டித்தான் காட்டினாரு நைனா. உன் கை மாதிரியே இருந்துச்சி."

சரோஜா என்னைப் பார்த்த பார்வை. சாம்பாரை நானே ஊற்றிக்கொண்டேன்.

20.6, வெள்ளி

நேற்று சாயந்திரம் ஏழரைக்கு வந்துவிட்டது. வெளியே நம் வீடு, உள்ளே சென்னையில் போட்ட செட், நம் தறி மாதிரியே ஒரு தறி, நம்மிடம் வாங்கிப்போன பித்தளைச் சொம்பு, அதிலிருந்து என் மகள் தண்ணீர் தெளிக்கிறாள். ஊரே பார்த்தது. நன்றாகத்தான் நடித்திருக்கிறாள், அதுதான் வயிற்றெரிச்சல்.

டீக்கடையில்: "இன்னாணா, வீட்ல தண்ணி கஷ்டமாமே?" எல்லோரும் சிரிப்பு. நானும் சிரித்தேன், வேறு வழி. கண்ணமங்கலத்திலிருந்து மச்சான் போன் செய்து, "பொண்ணு கேட்டு வர்றவங்களுக்கு இன்னா மாமா சொல்றது?" என்றான். அதற்குச் சிரிப்பு வரவில்லை.

வேறு ஊரில் இது கதை. இந்த ஊரில் திருட்டுப் பேச்சு ஒரு வீட்டின்மேல் விழுந்தால் அப்புறம் யார் பட்டு கொடுப்பார்கள்?

23.6, திங்கள்

சேலை முடிந்து முதலாளி கடைக்குக் கொண்டுபோனேன். எனக்கு முன்னால் மூன்று பேர். தராசில் வைத்தார், எழுதினார், அனுப்பினார். என் முறை வந்ததும் ஈரமா என்று புறங்கையைச் சேலைமேல் வைத்துப் பார்த்தார். அப்புறம் பிரித்து ஃபேனுக்குக் கீழே போடச் சொன்னார். அரைமணி. நான் ஸ்டூலில். வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்த்துக்கொண்டே.

"கோச்சிக்காதீங்க. இனிமே எல்லார்க்கும் இப்டித்தான்."

"அந்த மூணு பேருக்கு ஏன் இல்ல?"

ஃபேனை நிறுத்திவிட்டு சேலையைத் தராசில் வைத்தார்.

எடை சரி. சரியாகத்தான் இருக்கும். இருபத்தாறு வருஷம் சரியாகத்தான் இருந்தது. அடுத்த சேலைக்குப் பாவு நூல் எப்போது என்றேன். "சொல்லி அனுப்பறேன்."

வழியெல்லாம் டைரக்டரைத் திட்டினேன். ரைட்டரைத் திட்டினேன். முதலாளியையும். வீடு வந்ததும் மிச்சம் இருந்தது நான் ஒருவன்தான். அவனையும் விடவில்லை.

27.6, வெள்ளி

வெறும் தறி. முதலாளியின் ஆள் வரவில்லை. வேறு இரண்டு கடையில் கேட்டுப் பார்த்தேன். "பாக்கலாம்ணா", "பாக்கலாம்ணா".

மத்தியானம் எதிர்வீட்டு போனில் ரைட்டர். "சார், செல்வி மாட்டிக்கிட்டா. உங்க ஊர்ல முதலாளி என்ன செய்வாரு? அடிப்பாரா? போலீஸா?"

"பட்டு தரமாட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா. அவ்ளோதான்."

"அதை வச்சு ஒரு சீன் எடுக்க முடியாதே சார்."

வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. எதிர்வீட்டு அம்மா டிவி சத்தத்தைக் கூட்டினாள்.

29.6, ஞாயிறு

நாளை ஷூட்டிங். கதையில் வரும் முதலாளி காலில் விழுந்து செல்வி அழ வேண்டுமாம். போகாதே என்றேன். என் வாயால் கெட்டது போதும், உன் முகமும் போக வேண்டாம் என்றேன். சத்தமாகத்தான்.

வாணி துணி மடித்துக்கொண்டே, "நான் போவலன்னா வேற ஒருத்தி வருவா நைனா. அவ திருடி மாதிரியே அழுவா."

"நீ?"

"பட்டு கெடைக்காத ஒரு ஆளோட பொண்ணு மாதிரி அழுவேன்."

எந்த ஆள் என்று நான் கேட்கவில்லை.

30.6, திங்கள்

ஆறரை பஸ். வாணியின் பையை பஸ் வரை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.