உங்கள் தங்கச்சிக்கு அம்மருட் காட்டிய நாள்

மச்சாள்,

குளிர்ச் சட்டைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கும்போது உங்கள் நீலக் குந்துபாய் கையில் தட்டுப்பட்டது. ஈர மர வாங்குகளில் குந்தியிருப்பதற்கென்று நோர்வேக்காரர் பைக்குள் கொண்டு திரிவார்களே, அந்தத் தடித்த றப்பர்ப் பஞ்சுத் துண்டு. நீங்கள் அதில் ஒருநாளும் இருந்ததில்லை, கஞ்சிப் பானையைத்தான் இருத்தினீர்கள். நடுவில் பானையின் அடி வட்டமாக உருகிக் கிடக்கிறது. எடுத்து மணந்து பார்த்தேன். பால்கஞ்சி மணம் போய்விட்டது.

நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருடம் ஆகப் போகிறது. சொல்ல வேண்டியதை இன்றைக்காவது எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து இது. என் பேத்தி பத்து வயதிலேயே இரண்டு மொழியிலும் கட்டுரை எழுதி வகுப்பில் வாசிக்கிறாள். "தாங்கோ அம்மம்மா, நான் பிழை திருத்தித் தாறன்" என்றாள். வேறு எதையும் கொடுத்திருப்பேன், இதைக் கொடுக்கவில்லை.

நமக்குள் உறவு ஒன்றுமில்லை. நீங்கள் திருகோணமலை, நான் மட்டக்களப்பு. லிஃப்டில் சந்தித்த முதல் நாளே "எந்த மாடி மச்சாள்?" என்று கேட்டீர்கள், அதோடு மச்சாள் ஆகிவிட்டோம். நம் மாடிக் கட்டடங்கள் நிற்கும் இந்த அம்மருட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் ஊர் சுற்றிக் காட்டுவது நீங்கள்தான். பிள்ளைகள் நகரத்துக்குக் கூட்டிப்போய் அரண்மனையையும், அம்மணச் சிலைகள் நிற்கும் பூங்காவையும் காட்டுவார்கள். "அதெல்லாம் படத்திலையும் பாக்கலாம். சீவிக்கப்போற இடத்தை முதல்லை பாருங்கோ" என்பீர்கள்.

முதலாவது இடம் நிலக்கீழ்ச் சலவை அறை. அங்கே பலகையில் தொங்கும் சின்னப் பூட்டுகளைக் காட்டுவீர்கள். "ஆரின்ரை பூட்டு எந்த நேரத்திலை தொங்குதோ அவைக்குத்தான் மெசின். மாறிப் பிடுங்கினியள் எண்டால் ஏழாம் மாடிக்காரி உங்களையும் சேத்துத் தோய்ச்சுப்போடுவா." பிறகு கடையில் வெறும் போத்தலை விழுங்கிக் காசுத் துண்டு துப்பும் மெசின். பிறகு ஆல்னா ஆறு. நாலு எட்டில் தாண்டலாம். அதன் கரையில் நின்று கையை விரித்து, "இதுதான் எங்கடை மகாவலி" என்பீர்கள். கடைசியாகப் பக்கத்துக் குரோருட்டுக்கு மேலே, காட்டுக்குள் இருக்கும் ஏரி. பனிக்காலமென்றால் வெள்ளை வெளியின் நடுவுக்கு நடத்திக்கொண்டு போய், "இப்ப எதுக்கு மேலை நிக்கிறியள் தெரியுமோ?" என்று கேட்பீர்கள். என்னிடமும் கேட்டீர்கள். தண்ணீர் என்றதும் நான் உங்கள் கழுத்தைக் கட்டிப்பிடித்துக் கத்தியதை, பிறகு வந்தவர்களுக்கெல்லாம் நடித்துக் காட்டினீர்கள்.

நீங்கள் போன பிறகு வந்த வசந்தத்தில் உங்கள் தங்கச்சி ஒரு மாத விசாவில் வந்தா. உங்கள் மகளுக்கு வேலை. "மாமி, சித்திக்கு இடங்களைக் காட்டுங்கோ" என்று என்னிடம் விட்டாள். உங்கள் அம்மா இறந்ததிலிருந்து நீங்கள் போகும்வரை நான்கு வருடமாக அவ உங்களோடு கதைக்கவில்லை என்பதும், ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் எடுத்தால் போனை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவா என்பதும் எனக்குத் தெரியும். ஏன் என்பதும் தெரியும்.

சலவை அறையைப் பார்த்துவிட்டு, "இதுக்கோ அக்கா இஞ்சை வந்தவ?" என்றா. போத்தல் மெசினுக்குக் கிட்டவே வரவில்லை. ஆற்றங்கரையில் நான் உங்களைப்போலவே கையை விரித்து மகாவலி என்றேன். அவ சிரிக்கவில்லை.

"அம்மாவின்ரை செத்தவீட்டுக்கு வர லீவு கிடைக்கேல்லை எண்டவ. இந்த வாய்க்காலைக் காட்டித் திரிய மட்டும் லீவு கிடைச்சிருக்கு."

நான் ஏரிக்கு நடந்தேன்.

பனி உருகி, ஏரி கறுப்பாகக் கிடந்தது. வாங்கில் இருந்தோம். நாயோடு ஏரியைச் சுற்றும் அந்த நோர்வேக்காரக் கிழவர் வந்தார். என்னைக் கண்டதும் நின்று, பக்கத்தில் உங்களைத் தேடினார். எனக்குத் தெரிந்த இரண்டு சொல்லில் விஷயத்தைச் சொன்னேன். தொப்பியைக் கழற்றித் தலை குனிந்துவிட்டுப் போனார்.

"ஆர் இந்தாள்? அக்காவை என்னெண்டு தெரியும்?"

சொன்னேன். தாயை இழந்தவர்கள் சித்திரைப் பௌர்ணமியில் பிடிக்கும் பறுவ விரதத்தை நீங்கள் ஒரு வருடமும் விடாமல் பிடித்ததை. நாலு பேருக்குக் கஞ்சி கொடுக்காமல் விரதம் முடிக்கக்கூடாது என்று பானையோடு இந்த வாங்கில் வந்து குந்தியதை. முதல் வருடம் அந்தக் கிழவர் தங்கள் ஊர் இனிப்புச் சோற்றுக் களி என்று நினைத்து ஒரு கரண்டி வாயில் வைத்ததும், உப்புப் பட்டு முகம் கோணியதை. அடுத்த வருடம் நான் திகதியைக் கையால் காட்டிச் சொல்ல, அவர் கறுவாத் தூளும் சீனியும் ஒரு சின்ன டப்பாவில் கொண்டு வந்ததை. அம்மாவின் கஞ்சிக்குச் சீனியா என்று நீங்கள் முறைத்துவிட்டு, பிறகு நீங்களே தூவிக் கொடுத்ததை.

உங்கள் தங்கச்சி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தா. "விரதம் பிடிச்சவவுக்கு வந்து ஒரு பிடி வாய்க்கரிசி போடேலாமல் போச்சோ?"

அப்போதுதான் உடைத்தேன் மச்சாள். லீவெல்லாம் பொய், உங்கள் அகதிப் பயணப் புத்தகத்தில் எல்லா நாட்டுக்கும் போகலாம், இலங்கைக்கு மட்டும் போகேலாது என்று இருந்தது என்று சொன்னேன். நோர்வேப் பிரசை ஆகிவிட்டேன் என்று அம்மாவின் சந்தோசத்துக்காக நீங்கள் முன்பே சொல்லிவிட்டதையும், அம்மா அதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததையும் சொன்னேன். செய்தி வந்த அன்று சலவை அறையில், மெசின் சத்தத்துக்குள், "செத்த மனுசியைப் பொய்க்காரி ஆக்கேலாது. தங்கச்சிக்கு ஒருநாளும் சொல்லிப்போடாதேயும்" என்று என் கையை இறுக்கிப் பிடித்தீர்கள். மகளிடமும் சத்தியம் வாங்கியிருந்தீர்கள். நாங்கள் இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை.

அவ அழவில்லை. எழும்பிப் போய், ஏரித் தண்ணீரில் முகத்தைக் கழுவினா. ஐஸ்தண்ணீர், கன்னம் சிவந்துவிட்டது. அடுத்த நாட்களில் அதைப்பற்றி அவ கேட்கவில்லை. வாக்கை மீறினாலும் நல்லதைத்தான் செய்தேன் என்று நான் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

விமானநிலையத்தில், பெட்டியெல்லாம் போட்ட பிறகுதான் கேட்டா.

"உங்களுக்கு எழுதத் தெரியும்தானே?"

"ஓம். அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படிச்சனான்."

"ஒரு கடிதத்துக்கு அது காணும். அக்கா இருக்கேக்கை ரெண்டு வரி எழுதியிருந்தால், நான் போனை வாங்கியிருப்பன்."

கோபமாகச் சொல்லவில்லை. நேரம் என்ன என்று கேட்பதுபோலச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டா.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு எடுக்கிறா. மழை, மீன், பிள்ளைகள் என்று எல்லாம் கதைக்கிறோம். விமானநிலையத்தில் சொன்னதை அவ திரும்ப எடுக்கவில்லை. உங்களுக்குத் தந்த வாக்கைக் காப்பாற்றியது சரியா, மீறியது சரியா என்று உங்களிடமும் கேட்க முடியாது. ஒன்று மட்டும் பழகிவிட்டது. கட்டடத்தில் யாராவது என் கையைப் பிடித்து, "ஒருத்தருக்கும் சொல்லாதேயும்" என்று தொடங்கினால், "அப்ப எனக்கும் சொல்லாதேங்கோ" என்று எழும்பி வந்துவிடுகிறேன். நல்ல மனுசி என்ற பெயர் போய்விட்டது. போகட்டும்.