கரடியின் பன் கணக்கு

அன்புள்ள மகனுக்கு,

இங்கே எல்லாரும் உடம்புக்கு நன்றாகத்தான் இருக்கிறோம், மனசுக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை. நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். ஃபோனில் பேசினால் உன் மனைவி காதில் விழும், எனக்கும் வாய் வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் உன்னிடம் கோள் சொன்னேன் அல்லவா, உன் மகள் குட்டிக்கு இன்னும் வாய்ப்பாடு தெரியவில்லை, உன் மனைவி கதைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கணக்கு சொல்லித் தருகிறாளாம், இது படிப்பா விளையாட்டா என்று. நீ அன்றைக்கே அவளை ஃபோனில் கூப்பிட்டுக் கத்தியிருக்கிறாய். அவள் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டு, இனிமே மாமாவே பாத்துக்கட்டும் என்று உன் அம்மாவிடம் சொன்னாளாம். எனக்கு வேண்டியதுதான். மருந்துக்கடைக் கல்லாவில் ஆயுசு முழுக்க மனக்கணக்குப் போட்டவன் என்ற திமிரில் நானே குட்டியை உட்கார வைத்தேன். திக்கித் திணறி ஒப்பித்தாள், கண் மட்டும் பரண் மேல். உன் அம்மாவோ, உங்க வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல என்று போகிறபோதும் வருகிறபோதும் இடிக்கிறாள்.

நேற்று மனசு கேட்காமல் ஸ்டூல் போட்டு ஏறி ஒரு புத்தகத்தை எடுத்தேன். ஒரு கரடி பன்னிரண்டு பன் சுட்டு மூன்று விருந்தாளிகளுக்குப் பங்கு வைக்கிற கதை. ஆளுக்கு நாலு, முடிந்தது என்று மூடப்போனேன். குட்டி விடவில்லை. தாத்தா, அம்மா தினம் விருந்தாளிய மாத்துவா, இன்னிக்கு அஞ்சு பேர்னு வச்சுக்கோ, ஆளுக்கு ரெண்டு, மீதி ரெண்டு என்றாள், விரலைக்கூட மடக்கவில்லை! அந்த மீதியை என்ன செய்வீர்கள் என்று சும்மா கேட்டு வைத்தேன். அது அப்பாவுக்கு, அம்மா எப்பவும் எடுத்து வைப்பா என்றாள். மீதியே வராத அன்றைக்கு? அப்ப அப்பாவையும் ஒரு ஆளாச் சேத்து மறுபடி பங்கு வைப்போம், எல்லாருக்கும் ஒண்ணு கொறையும், பரவால்லம்பா அம்மா என்கிறாள். அவளையா திட்ட வைத்தேன், அதுவும் உன் வாயால்! பாவி நான்.

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் உன் மனைவி குட்டியைக் கூட்டிக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போகிறாளாம். எப்போது திரும்புவாய் என்று கேட்க எனக்கு முகம் இல்லை. காலையில் டீ கொண்டுவந்து வைத்தாள், தப்பு என்மேல்தான்மா என்று சொல்ல வாயைத் திறந்து, சர்க்கரை கொஞ்சம் கம்மி என்று சொல்லித் தொலைத்தேன். எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுக் கொண்டுவந்தாள். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் எப்படியாவது அவளிடம் சொல்லிவிடுவேன்.

நீங்கள் மூன்று பேரும் ஒரே வீட்டில் சேர்ந்து நன்றாக வாழ வேண்டும், என் ஆசீர்வாதம் அதுதான். மழையில் நனையாதே. ஒன்றை மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் முதலில் எனக்கு ஃபோன் போடாதே, அவளுக்குப் போடு. என்னோடு பேச நேரம் மிஞ்சாவிட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
கோள் சொன்ன உன் அப்பா